ஆயிரத்தில் எண்பத்தாறு

கேபெஸ்
6 அக்டோபர் 1998

அன்புத் தம்பி லஸாதுக்கு அக்கா மப்ரூக்காவின் ஸலாம்.

இங்கே எல்லாரும் நலம். உம்மாவுக்குச் சர்க்கரை சற்று இறங்கியிருக்கிறது, கால் புண்ணும் ஆறி வருகிறது. நீ துனிஸிலிருந்து அனுப்பிய மாத்திரைகள் வந்து சேர்ந்தன. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன்.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசிக் கடையில் கதவில்லாத கூண்டுக்குள் நின்று சொன்னால் தெரு முழுக்கக் கேட்கும். தெருவுக்கு ஏற்கெனவே வேண்டிய அளவு தெரியும்.

என்னை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

செப்டம்பர் 24ஆம் தேதி எங்கள் அல்-வாஹா பஸ் கம்பெனியில் ஓட்டுநர்கள் முப்பத்தொரு பேருக்கும் கணினியில் பரீட்சை வைத்தார்கள். டிப்போ அலுவலகத்தில் இரண்டு கணினிகள். வலது பக்கம் இருந்தது துனிஸிலிருந்து வந்த பழைய பெட்டி. கறுப்புத் திரையில் ஒரு சிவப்புச் சதுரம் தோன்றும், கம்பியில் தொங்கும் பொத்தானை அமுக்கவேண்டும். இடது பக்கம் கம்பெனி புதிதாக வாங்கியது. அதில் சாலையின் புகைப்படம் வரும், திடீரென்று குறுக்கே ஆடோ ஆளோ வண்டியோ நிற்கும். பார்த்ததும் விசைப்பலகையில் தட்டவேண்டும். நாற்பது தடவை. என்னைப் புதியதில் உட்கார வைத்தார்கள். கௌரவம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் மேலாளர் முன்ஸிஃப் எங்கள் ஒன்பது பேரை வரிசையாக நிற்கவைத்துப் பெயர் வாசித்தார். என் பெயர் வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"லல்லா மப்ரூக்கா, சராசரி நானூத்தி ஐம்பதுக்குள்ள வரணும். உங்களுக்கு நானூத்தி எழுபத்திமூணு. நான் என்ன பண்ணட்டும், மிஷின் சொல்லுது."

"பதினோரு வருஷமா ஓட்டறேன் ஸி முன்ஸிஃப். ஒரு கோழியக்கூட இடிச்சதில்ல. அது மிஷினுக்குத் தெரியுமா?"

"கோவப்படாதீங்க. பொம்பளைங்களுக்குக் கை கொஞ்சம் மெதுவாத்தான் போகுமாம். டிக்கெட் ஜன்னல்ல உக்காருங்க, நிழல்தானே."

இப்போது நிழலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இந்த ஸ்டியரிங்கா நானா என்று கேட்ட புருஷனுக்கு ஸ்டியரிங்தான் என்று பதில் சொன்னவள் நான். உனக்குத் தெரியும்.

முடிவுத் தாளின் அடியில் உன் பேராசிரியர் கர்ஸல்லியின் பெயர் அச்சாகியிருக்கிறது. மனிதர்களின் கைவேகத்தை அளக்கிறோம் என்று நீ சொல்லும் ஆய்வகம் இதுதானே? இது உங்கள் பரீட்சையா? அதை மட்டும் சொல்.

உம்மாவின் துஆ உனக்கு உண்டு.

அக்கா
மப்ரூக்கா


துனிஸ்
29 அக்டோபர் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே மழை தொடங்கிவிட்டது. எனக்கு இரண்டு வாரமாக இருமல், இப்போது பரவாயில்லை. உம்மாவின் கால் புண்ணைத் தினமும் வெந்நீரில் கழுவி நன்றாகத் துடைக்கச் சொல். செருப்பில்லாமல் நடக்கவே கூடாது. சர்க்கரையை மாதம் ஒருமுறை பார்க்கவேண்டும். பேரீச்சம்பழம் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

நீ கேட்டதற்கு: பரீட்சை எங்கள் ஆய்வகத்தினுடையதுதான். நாங்கள் மென்பொருளையும் பழைய பெட்டியையும் மட்டும் கொடுத்தோம். நடத்தியதும் முடிவெடுத்ததும் கம்பெனி. இப்படிப்பட்ட பரீட்சைகள் எல்லா நாட்டிலும் நடக்கின்றன. ஒரு மனிதரின் வேகம் நாளுக்கு நாள் மாறும். தூக்கக் குறைவு, கண் பார்வை, பதற்றம், எதுவும் காரணமாக இருக்கலாம். நீ கண்ணைச் சோதித்துக்கொள்ளலாமே. சில மாதம் ஓய்வாக இருப்பதும் நல்லதுதான்.

மே மாதம் எனக்கு வாய்மொழித் தேர்வு. அது முடிந்தால் முனைவர் பட்டம், பிறகு பிரான்ஸில், லியோனில் இரண்டு வருட வேலை. பேராசிரியர் பேசி வைத்திருக்கிறார். உம்மாவிடம் துஆ செய்யச் சொல்.

உன் தம்பி
லஸாத்


கேபெஸ்
7 நவம்பர் 1998

தம்பி லஸாதுக்கு,

ஸலாம். உம்மா நலம். உன் இருமலுக்கு ஆலிவ் எண்ணெயும் தேனும் ஜுமாவின் வண்டியில் கொடுத்தனுப்பியிருப்பேன். ஆனால் ஜுமாவும் இப்போது வண்டியில் இல்லை. அவரும் அந்த ஒன்பது பேரில் ஒருவர். இருபத்தாறு வருட சர்வீஸ்.

கண்ணைச் சோதித்துக்கொள்ளச் சொன்னாய். சோதித்தேன். டாக்டர் கடைசி வரியையும் படிக்கச் சொன்னார், அதற்கடியில் அச்சகத்தின் பெயர் இருந்தது, அதையும் படித்துக் காட்டினேன். அடுத்து என்ன, காதைச் சோதிக்கவா?

டிக்கெட் ஜன்னலில் வேலை குறைவு, நேரம் அதிகம். முடிவுத் தாளை எடுத்துப் பார்த்தேன். நாற்பது தட்டலுக்கும் நாற்பது எண்கள். ஆயிரத்தில் இத்தனை பங்கு நொடி என்று போட்டிருக்கிறது. நீயும் பார்:

385, 494, 439, 494, 549, 439, 439, 494, 549, 439...

கடைசிவரை இப்படித்தான். நாற்பது எண்ணிலும் நான்கே நான்கு எண்கள்தான் மாறி மாறி வருகின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே எப்போதும் ஐம்பத்தைந்து, அல்லது ஒன்று குறைய. 386 இல்லை, 402 இல்லை, 460 இல்லை. என் விரல் என்ன படிக்கட்டா ஏறுகிறது?

ஜுமாவின் தாளை வாங்கிப் பார்த்தேன். அவருக்கு 549, 604, 659. அதே படிக்கட்டு, சில படி மேலே. பிறகு தேறியவனான திஜானியின் தாளைக் கேட்டேன். அவன் சிரித்தான்.

"தோத்தவங்க எல்லாம் கூடிப் பரீட்சைப் பேப்பர் திருத்தறீங்களா அக்கா?"

"கொடுடா. தின்னுட மாட்டேன்."

அவனுக்கு 412, 397, 431, 388, 405. ஒன்றைப்போல் ஒன்றில்லை. அவன் உட்கார்ந்தது வலது பக்கத்துப் பழைய பெட்டியில்.

ஒவ்வொருவராகக் கேட்டேன். பழைய பெட்டியில் உட்கார்ந்தவர்கள் பதினைந்து பேர், ஒருவர்கூடத் தோற்கவில்லை. புதியதில் பதினாறு பேர். தோற்ற ஒன்பது பேரும் அதில் உட்கார்ந்தவர்கள். இடது பக்க நாற்காலிக்குத்தான் தூக்கக் குறைவு போலிருக்கிறது.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். எனக்கே இது இரண்டு வாரத்தில் தெரிகிறது. நீ இதற்கென்றே ஆறு வருடம் படித்தவன். தாள்களின் நகலை இத்துடன் வைக்கிறேன். பார்த்துவிட்டு உடனே எழுது.

அக்கா


கேபெஸ்
5 டிசம்பர் 1998

தம்பிக்கு,

ஸலாம். நலமா? ஒரு மாதமாகப் பதில் இல்லை. தபால்காரரைக் கேட்டேன். துனிஸிலிருந்து தபால் ஒழுங்காக வருகிறதாம்.

உம்மாவுக்குக் காய்ச்சல் வந்து போயிற்று. உன்னிடம் சொல்லவேண்டாம் என்றார், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையாம்.

நேற்று மத்மாத்தாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஸுஹைலா என்று பெயர், இருபத்துநான்கு வயது. கனரக வண்டி உரிமம் வைத்திருக்கிறாள். என்னைப் பார்த்துத்தான் எடுத்தாளாம், சின்ன வயதில் என் வண்டியில் பள்ளிக்கூடம் போனாளாம். வேலைக்கு மனு கொடுக்க வந்தவள் அதை என் ஜன்னலில் நீட்டினாள். முன்ஸிஃப் உள்ளே கூப்பிட்டார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தாள்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"இனிமே பொம்பளைங்கள எடுக்கறதில்லையாம். விஞ்ஞானமே சொல்லிடுச்சாம், மெதுவுன்னு. உங்களத்தான் காட்டினாரு லல்லா. அவங்களையே பாருன்னாரு."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனாள், எனக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டாளாம். அன்று முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் தப்பும் தவறுமாகச் சில்லறை கொடுத்தேன்.

என்ன ஆயிற்று உனக்கு?

அக்கா


துனிஸ்
14 டிசம்பர் 1998

அன்புள்ள அக்கா,

ஸலாம். உம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் என்னிடம் சொல்லவேண்டும். இப்போது எப்படி இருக்கிறார்? நான் நலம்.

நீ அனுப்பிய தாள்களைப் பார்த்தேன். நீ சொன்னது சரி.

புதிய கணினியில் இருக்கும் கடிகாரம் ஆயிரத்தில் ஐம்பத்தைந்து பங்கு நொடிக்கு ஒருமுறைதான் நகரும். நடுவில் நீ எப்போது தட்டினாலும் அது ஒரு படியில்தான் எழுதும். பழைய பெட்டியில் நாங்கள் கடிகாரத்தை வேறுவிதமாக ஓடவைத்திருந்தோம், அதனால் அது ஒவ்வொன்றாக எண்ணும். ஆனால் அக்கா, உன்னை வீழ்த்தியது படிக்கட்டு இல்லை. அது சில தடவை கூட்டும், சில தடவை குறைக்கும், நாற்பது தட்டலில் ஏறக்குறையச் சரியாகிவிடும். பெரிய பிழை வேறு.

"படத்தைக் காட்டு" என்று மென்பொருள் சொல்லும் கணத்தில் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. சிவப்புச் சதுரம் என்றால் திரை உடனே காட்டிவிடும். புகைப்படத்தை வட்டிலிருந்து எடுத்து வந்து வரையவேண்டும். அதற்கு நேரமாகும். ஆடு திரைக்கு வருவதற்கு முன்பே உன் கணக்கு ஓட ஆரம்பித்துவிடுகிறது. விசைப்பலகையும் கொஞ்சம் தாமதிக்கிறது. எங்கள் ஆய்வகத்திலும் அதே வகைப் புதிய கணினி ஒன்று இருக்கிறது; அதன் திரையில் ஒளியை உணரும் கருவியை ஒட்டி, தனிக் கடிகாரத்தோடு ஒப்பிட்டு இதை அளந்தேன். சராசரியாக ஆயிரத்தில் எண்பத்தாறு பங்கு நொடி அதிகமாகக் காட்டுகிறது. உன் 473இல் அதைக் கழித்துப் பார்.

போன வாரம்தான் அளந்தேன். வரைபடத்தின் நகலை வைத்திருக்கிறேன். மேலாளரிடம் காட்டு. ஆனால் என்னிடமிருந்து வந்தது என்று சொல்லாதே. பேராசிரியருக்கு இன்னும் முறைப்படி தெரியாது. மே வரை பொறுத்துக்கொள்.

ரமலான் வாழ்த்துகள் முன்கூட்டியே.

உன் தம்பி
லஸாத்


கேபெஸ்
28 டிசம்பர் 1998

அன்புத் தம்பி லஸாதுக்கு,

ஸலாம். நோன்பு ஒன்பது முடிந்தது. உம்மா நோன்பு வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதற்கு, டாக்டர் எத்தனை நோன்பு வைத்தார் என்று கேட்கிறார். இனி நீயே எழுதிச் சொல்.

முன்னூற்று எண்பத்தேழு. கழித்துப் பார்த்தேன். டிக்கெட் ஜன்னலை மூடிவிட்டுப் பேருந்துக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். சந்தோஷம் இல்லை. ஆத்திரம். அந்த ஆடு திரையில் வரவே இல்லை, அதற்குள் எனக்குத் தண்டனை எழுத ஆரம்பித்துவிட்டது உன் மிஷின்.

வரைபடத்தை முன்ஸிஃபிடம் கொண்டுபோனேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"இதுல யாரு கையெழுத்து இருக்கு?"

"கையெழுத்து எதுக்கு? அளவு இருக்கு பாருங்க."

"லல்லா, பேராசிரியர் கையெழுத்துப் போட்டு ஒரு தாள் எங்கிட்ட இருக்கு. யாரும் கையெழுத்துப் போடாத ஒரு தாள் உங்ககிட்ட இருக்கு. எதை நான் ஃபைல்ல வைக்கட்டும், சொல்லுங்க."

அந்த மனிதர் முட்டாள் இல்லை. சரியான இடத்தில்தான் கைவைத்தார்.

தொழிலாளர் ஆய்வாளரிடம் ஒன்பது பேரும் சேர்ந்து மனு கொடுக்கப்போகிறோம். அதற்காக வரைபடத்தை நன்றாகப் பார்த்தேன். மேல் மூலையில் சின்ன எழுத்தில் கருவியே தேதி அடித்திருக்கிறது. 14-07-98 என்று.

போன வாரம்தான் அளந்தேன் என்று எழுதியிருந்தாயே?

அக்கா


துனிஸ்
10 ஜனவரி 1999

அன்புள்ள அக்கா,

ஸலாம். உம்மாவுக்குத் தனியாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், படித்துக் காட்டு. பெருநாளுக்கு என்னால் வர இயலாது. ஆய்வேட்டைத் தட்டச்சுக்குக் கொடுக்கவேண்டும். உம்மாவுக்கு மென்மையான தோல் செருப்பு ஒன்று வாங்கியிருக்கிறேன், யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

அந்தத் தேதியைப் பொருட்படுத்தாதே. கருவியின் உள்ளே இருக்கும் மின்கலம் பழையது, தேதி தவறாகக் காட்டும். மனுவில் தேதிப் பகுதியை மறைத்து நகல் எடுத்துக்கொள்.

லஸாத்


கேபெஸ்
16 ஜனவரி 1999

லஸாத்,

உம்மா நலம். நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். செருப்பு வேண்டாம்.

உன் ஆய்வகத்தில் எல்லாக் கடிகாரமும் தவறு. கணினியின் கடிகாரம் தவறு, கருவியின் கடிகாரம் தவறு. நீ சொல்லும் நேரம் மட்டும் சரி. அப்படித்தானே?

வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலில் ஏதோ எழுதியிருக்கிறது. நகலில் மங்கல். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். உன் கையெழுத்து. உனக்கு எழுதப் பழக்கிய எனக்குத் தெரியாதா? "மின்விசிறியை நிறுத்திவிட்டு அளந்தது." டிசம்பரில் துனிஸில் யாரடா மின்விசிறி போடுகிறார்கள்?

ஜூலையிலேயே உனக்குத் தெரியும்.

ஆகஸ்டில் நீ இங்கே வந்தாய். ஒரு வாரம் இருந்தாய். நான் மீன் குஸ்குஸ் செய்து போட்டேன். தட்டைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்து சொன்னேன், அடுத்த மாதம் எங்களுக்குக் கணினிப் பரீட்சையாம், எனக்கு ஒன்றும் பயமில்லை என்று. நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது.

"முந்தின நாள் நல்லா தூங்கு அக்கா. காலைல சாப்பிட்டுட்டுப் போ."

இவ்வளவுதான் சொன்னாய். மீனில் முள் எடுத்துக்கொண்டே சொன்னாய்.

நான் அப்படியே செய்தேன். தூங்கினேன். சாப்பிட்டுவிட்டுப் போனேன்.

முன்ஸிஃப் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. அவர் அந்நியர், அவருக்கு ஒன்றும் தெரியாது. கர்ஸல்லியை நான் பார்த்ததே இல்லை. நீ தெரிந்துகொண்டே என்னை அந்த நாற்காலிக்கு அனுப்பினாய். ஜுமாவை அனுப்பினாய். ஸுஹைலா தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனாளே, அவள் உன் மிஷினைத் தொட்டது கூட இல்லை.

பெருநாளுக்கு வராதது நல்லது. இனி எழுதாதே, உண்மையை எழுத முடிந்தால் தவிர.

மப்ரூக்கா


துனிஸ்
20 பிப்ரவரி 1999

அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். உம்மா எப்படி இருக்கிறார்?

ஜூலை 14தான். உண்மை.

அன்று பிற்பகல் வரைபடத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பேராசிரியரின் அறைக்குப் போனேன். அவர் கம்பெனிக்கு அனுப்பவேண்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஸார், புது மிஷின் எண்பத்தாறு அதிகமாக் காட்டுது. புகைப்படம் லேட்டா வருது."

"எண்பத்தாறு என்ன, நொடியா?"

"ஆயிரத்தில எண்பத்தாறு ஸார். ஆனா எல்லை நானூத்தி ஐம்பதுதான். நிறைய பேர் அநியாயமாத் தோத்துப்போவாங்க."

"கண் சிமிட்டற நேரம்கூட இல்ல, லஸாத். முதல்ல இது ஓடட்டும். அடுத்த பதிப்புல சரி பண்ணிக்கலாம். நீ உன் ஆய்வேட்டைப் பாரு. மூணாவது அத்தியாயம் முழுக்க இந்தப் புது மிஷின்லதானே இருக்கு?"

இருந்தது. அதுதான் விஷயம். அந்த வரைபடம் வெளியே வந்தால் என் மூன்றாவது அத்தியாயமும் குப்பை. அவர் என்னை மிரட்டவில்லை அக்கா. நினைவுபடுத்தினார், அவ்வளவுதான். நான் வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

ஆகஸ்டில் உன் எதிரில் உட்கார்ந்திருந்தபோது சொல்லத்தான் வந்தேன். ஒரு வாரமும் அதற்காகத்தான் இருந்தேன். நீ வேகமானவள், எண்பத்தாறு கூட்டினாலும் தேறிவிடுவாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்றவர்களைப் பற்றி நினைக்கவில்லை. அவர்கள் எனக்கு எண்களாக இருந்தார்கள். உன் முதல் கடிதம் வந்த நாளில் அதை மூன்று தடவை படித்தேன், பிறகு கண்ணைச் சோதித்துக்கொள் என்று உனக்கு எழுதினேன். அந்தக் கடிதத்தை நினைத்தால் எனக்கே என் முகத்தில் துப்பவேண்டும் போலிருக்கிறது.

ஐந்து வாரம் யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசிக்காமல் இருக்க முயன்றேன். போன திங்கட்கிழமை பேராசிரியரிடம் போய், தொழிலாளர் ஆய்வாளருக்கு எழுதப்போகிறேன் என்றேன்.

"ஜூலைலயே தெரியும்னு எழுதுவியா?"

"எழுதுவேன்."

"உனக்கும் தெரியும்னுதானே அர்த்தம்? அப்புறம் மே மாசம் யாரு முன்னாடி நிப்பே? லியோன்ல என்ன சொல்லச் சொல்றே?"

"தெரியல ஸார்."

"உங்கக்காவுக்கு ஒரு கடிதம் நான் தர்றேன். அவங்களுக்கு மட்டும் மறுபரீட்சை. யாருக்கும் நஷ்டமில்ல."

உன்னிடம் இதை மறைக்க மாட்டேன்: ஒரு நிமிடம் எனக்கு அது நல்ல வழியாகத் தோன்றியது. பிறகு நீ அந்தக் கடிதத்தை என்ன செய்வாய் என்று யோசித்தேன். கிழித்து என் முகத்தில் எறிய துனிஸுக்கே வருவாய்.

என் குறிப்பேட்டின் நகல், மூல வரைபடம், நான் எப்போது அறிந்தேன், யாரிடம் சொன்னேன், யாரிடம் சொல்லவில்லை, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு நேற்று பதிவுத் தபாலில் கேபெஸ் ஆய்வாளருக்கு அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை கையெழுத்து இருக்கிறது.

லஸாத்


கேபெஸ்
2 ஏப்ரல் 1999

தம்பி லஸாதுக்கு,

ஸலாம். உம்மா நலம். குர்பானிப் பெருநாள் முடிந்தது. இறைச்சியை உப்பிட்டு மொட்டைமாடியில் காயவைத்திருக்கிறோம். உன் பங்கை உம்மா தனியாக எடுத்து வைத்திருக்கிறார். நான் தடுக்கவில்லை.

நடந்ததைத் தெரிந்துகொள்ளும் பாத்தியதை உனக்கு உண்டு, அதனால் எழுதுகிறேன்.

மார்ச் 18ஆம் தேதி ஆய்வாளர் எல்லாரையும் கூப்பிட்டார். முன்ஸிஃப் வந்தார். கர்ஸல்லி ஒரு வழக்கறிஞரை அனுப்பினார். ஆய்வாளர் உன் தாளைச் சத்தமாக வாசித்தார். "என் அக்காவும் பரீட்சைக்குப் போகிறாள் என்று தெரிந்தும் அவளிடம் சொல்லவில்லை" என்ற வரி வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேசையைப் பார்த்தேன். அந்த வரியை நீ எழுதாமல் விட்டிருக்கலாம், வழக்குக்கு அது தேவையில்லை.

பழைய பெட்டியில், கம்பிப் பொத்தானோடு, ஒன்பது பேருக்கும் மறுபரீட்சை வைக்க உத்தரவானது. நான் முதலில் மறுத்தேன். "தப்பு மிஷினோடது. மிஷினுக்கு வைங்க பரீட்சை, எனக்கு எதுக்கு?" என்றேன். ஜுமாதான் என் தோளைத் தொட்டு, "உக்காரும்மா. முடிச்சுட்டுப் போவோம்" என்றார்.

எனக்கு 391. எட்டுப் பேர் தேறினோம்.

ஜுமாவுக்கு 517.

அவருக்காகத்தான் நான் பாதிச் சண்டை போட்டேன், லஸாத். எண்பத்தாறைக் கழித்தால் அவருக்கு 515 என்பது எனக்கு டிசம்பரிலிருந்தே ஒருவகையில் தெரியும். கணக்குப் போடாமல் தவிர்த்து வந்தேன். நானும் ஒன்றைத் தெரிந்துகொண்டே அவரிடம் சொல்லாமல்தான் இருந்திருக்கிறேன்.

"இன்னொரு தடவ வைங்க. அவருக்குப் பதட்டம்" என்றேன்.

அவர் தாளை வாங்கி எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். 502, 521, 498, 533. படிக்கட்டு இல்லை.

"வேணாம் மப்ரூக்கா. போன தடவை எவனோ ஒருத்தனோட நம்பரை எந்தலைல கட்டினாங்க. அது எனக்கு எரிஞ்சுது. இது என்னோடது. என் கையி எனக்குத் தெரியாதா? ரெண்டு வருஷமாவே பிரேக்கு கொஞ்சம் லேட்டாத்தான் புடிக்குது."

முன்ஸிஃபிடம் போய், டிக்கெட் ஜன்னலைத் தனக்குக் கொடுக்கச் சொன்னார். மப்ரூக்கா தூசு கூடத் தட்டாமல் வைத்திருக்கிறாள் என்று குறையும் சொன்னார். எட்டுப் பேரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டோம், முகத்தைப் பார்க்க முடியாமல்.

திங்கட்கிழமை முதல் நான் வண்டியில். ஸுஹைலாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், மனுவை மறுபடி கொண்டுவரச் சொல்லி. இந்தத் தடவை அவளோடு நானும் உள்ளே போவேன்.

உனக்கு நன்றி சொல்லவேண்டுமா என்று யோசித்தேன். ஜூலையில் செய்யவேண்டியதைப் பிப்ரவரியில் செய்ததற்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை.

அக்கா


துனிஸ்
3 மே 1999

அன்புள்ள அக்கா,

ஸலாம். உன் கடிதத்துக்கு உடனே எழுத முடியவில்லை. நீ வண்டிக்குத் திரும்பியதை நினைத்துச் சந்தோஷப்படுகிறேன். ஜுமாவைப் பற்றிப் படித்துவிட்டு இரண்டு நாள் ஆய்வகத்துக்குப் போகவில்லை.

வாய்மொழித் தேர்வு இல்லை. லியோனும் இல்லை. பேராசிரியர் என்னோடு பேசுவதில்லை. அவர் மேல் விசாரணை என்கிறார்கள், ஆனால் அவர் அறையில் விளக்கு வழக்கம்போல் எரிகிறது. மூன்றாவது அத்தியாயத்தை எடுத்துவிட்டுப் பழைய பெட்டியில் எல்லாவற்றையும் மறுபடி அளந்தால் இரண்டு வருடத்தில் முடிக்கலாம். ஸூஸ் நகரில் ஒரு பேராசிரியர் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். அதுவரை ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம்.

நடுவில் சில நாள் வீட்டுக்கு வரலாமா? உன்னைக் கேட்காமல் வர எனக்குத் தைரியமில்லை.

லஸாத்


கேபெஸ்
11 மே 1999

லஸாதுக்கு,

ஸலாம். உம்மா நலம். நான் நலம். கை வலிக்கிறது, ஆறு மாதம் ஸ்டியரிங் பிடிக்காமல் இருந்ததால்.

துனிஸ் தடத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். மே 20, வியாழக்கிழமை, காலை ஏழு மணி வண்டி. வா. டிக்கெட் எடுத்துக்கொண்டு வா, அக்காவின் வண்டி என்று ஏறாதே. பின் வரிசையில் உட்கார். வழியில் எல்-ஜெம்மில் காப்பிக்கு நிறுத்துவேன், அப்போதும் என் பக்கம் வராதே. ஓடும் வண்டியில் எனக்குக் கோபம் வரக்கூடாது, ஐம்பது பேர் இருப்பார்கள்.

கேபெஸில் எல்லாரும் இறங்கட்டும். நீ இறங்காதே. கதவைச் சாத்துகிறேன். பிறகு சொல்லவேண்டியதையெல்லாம் சொல்கிறேன், உம்மா காதில் விழாத இடத்தில். நேரமாகும். அது முடிந்ததும் வீட்டுக்குப் போவோம்.

மப்ரூக்கா